சிரித்தால் குற்றம், செத்தால் விருது

‘அமெரிக்கன் பை’ படத்தில் ஒரு பள்ளிப் பையன், அம்மா சுட்டுவைத்துவிட்டுப் போன ஆப்பிள் பலகாரத்தைச் சமையலறையில் படாதபாடு படுத்துகிறான். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே நுழைகிறார். 1999இல் அமெரிக்க அரங்குகள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தன. அங்கே அரசாங்கத் தணிக்கை கிடையாது. பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து நடத்தும் திரைப்படச் சங்கம் ஒன்று உண்டு. அதன் தரச்சான்றுக் குழுதான் எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்று நிர்ணயிக்கிறது. கொஞ்சம் வெட்டிக் கொடுத்ததும் அந்தக் குழு ‘அமெரிக்கன் பை’க்கு ‘ஆர்’ சான்று கொடுத்தது. பெரியவர் ஒருவர் கூட வந்தால் பிள்ளைகளும் பார்க்கலாம். பலகாரம் படத்திலேயே இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் ‘பட் ஐ’ம் எ சியர்லீடர்’ என்ற சிறுபடம் திரையிடப்பட்டது. ஜேமி பாபிட் என்ற இளம் பெண் இயக்குநரின் முதல் முழுநீளப் படம். செலவு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது காப்பிச் செலவு. இரண்டு பெண்கள் காதலிக்கும் நகைச்சுவைப் படம். அதில் யாரும் உடை களையாத ஒரு காட்சி குழுவின் கண்ணை உறுத்தியது. ‘என்.சி.-17’, அதாவது பெரியவர் கூட வந்தாலும் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை விழுந்த படத்துக்குப் பல பத்திரிகைகள் விளம்பரம் போடாது, பெரிய திரையரங்குகள் இடம் தராது. சின்னப் படத்தைக் கொல்லத் தடை உத்தரவு எதற்கு? இது போதும். பாபிட் வெட்ட வேண்டியதை வெட்டி ‘ஆர்’ வாங்கிக்கொண்டு 2000 ஜூலையில் படத்தை வெளியிட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதை இவ்வளவு துல்லியமாகப் படம்பிடித்துக் காட்டிய சங்கத்துக்கே ஒரு ஆஸ்கர் கொடுத்திருக்கலாம்.

இந்தக் குழுவில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அன்று ரகசியம். கிர்பி டிக் என்ற ஆவணப்பட இயக்குநர் தனியார் துப்பறிவாளரை வைத்துத் தேடிப்பிடித்து, 2006இல் ‘திஸ் ஃபிலிம் இஸ் நாட் யெட் ரேட்டட்’ படத்தில் அவர்கள் பெயர்களைப் போட்டு உடைத்தார். பாபிட் அதில் தன் கதையைச் சொல்கிறார். மேல்முறையீட்டுக் குழுவில் பாதிரிமார் இருவர் இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. பாவமன்னிப்பு கேட்கப் போகிறவர்கள் இனி கோயிலுக்குப் போகவேண்டாம், படத்தைத் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

சரி, குழுவை விடுங்கள். அவர்கள் தொழிலே அது. அடுத்து விமர்சகர்களிடம் வருவோம். இவர்கள் படித்தவர்கள், பெருந்தன்மையாளர்கள். தன்பாலீர்ப்பாளர்மீது தங்களுக்கு ஒரு வெறுப்பும் இல்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவார்கள். இரண்டாம் பத்தியில்தான் கத்தியை எடுப்பார்கள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேகன் பள்ளியில் சியர்லீடர், ஆட்டக்களத்தில் ஆடிப்பாடி உற்சாகமூட்டுபவள். அமெரிக்கக் கால்பந்து வீரனின் காதலி. தேவாலயத்துக்குத் தவறாமல் போகிற வீட்டுப் பெண். அவளுக்குச் ‘சந்தேகத்துக்குரிய’ அறிகுறிகள் இருப்பதாகப் பெற்றோரும் தோழிகளும் கண்டுபிடிக்கிறார்கள். சைவ உணவு சாப்பிடுகிறாள். தன்பாலீர்ப்பாளரான பாடகி மெலிசா எத்ரிட்ஜின் படம் மாட்டியிருக்கிறாள். காதலன் முத்தமிட்டால் முகம் சுருங்குகிறது. போதாதா? ‘ட்ரூ டைரக்‌ஷன்ஸ்’ என்ற முகாமுக்கு மூட்டை கட்டி அனுப்பிவைக்கிறார்கள். ஐந்து படிகளில் ஆளை ‘நேராக்கி’ப் பட்டம் கொடுத்து அனுப்பும் முகாம். பெண்களுக்கு எல்லாம் ரோஜா நிறம், பையன்களுக்கு எல்லாம் நீலம். பெண்கள் தரை துடைக்கப் பழகவேண்டும், பையன்கள் கார் பழுதுபார்க்கப் பழகவேண்டும். ஒவ்வொருவரும் தன் ‘கோளாறு’க்கு வேர் எது என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு வேலை போனபோது அம்மா சம்பாதித்தாள், அதுதான் என் வேர் என்கிறாள் மேகன். அம்மா கால்சட்டை போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டாள் என்கிறாள் முகாம் தோழி கிரஹாம். இன்னொருத்தி, நான் பிரான்சில் பிறந்தேன் என்கிறாள். திருந்தி ‘நேரான’ பயிற்சியாளராக வருபவர் ரூபால், பெண்வேடக் கலையின் உலகப் புகழ் நட்சத்திரம், இந்தப் படத்தில் ஆண் உடையில். முகாம் தலைவியின் மகன் குட்டைக் காற்சட்டையில் தோட்டவேலை செய்வதைப் பார்த்து இந்தப் பயிற்சியாளருக்கே மூச்சு முட்டுகிறது. மேகனும் கிரஹாமும் காதலில் விழுகிறார்கள். கடைசியில் மேகன் முகாமின் பட்டமளிப்பு விழாவுக்குள் புகுந்து, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையான சியர்லீடர் ஆட்டத்தை ஆடிக் கிரஹாமை அழைத்துக்கொண்டு போகிறாள். யாரும் சாகவில்லை.

விமர்சகர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உதட்டைப் பிதுக்கினார்கள். கேலிச்சித்திரம் மாதிரி இருக்கிறது, பாத்திரங்கள் வார்ப்புருக்கள், இயக்குநர் ஜான் வாட்டர்ஸின் மலிவு நகல், ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்களிடம் பிரசங்கம் செய்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாக மிகை, மிகை, மிகை. ரோஜர் ஈபர்ட் மாதிரிச் சிலர் மட்டும் ஓரளவு ரசித்தார்கள். நள்ளிரவுக் காட்சிகளில் இது நிலைக்கக்கூடும் என்று அவர் அப்போதே எழுதினார். படம் குறையற்றது என்று நான் சாதிக்கவில்லை. சில நகைச்சுவைகள் சப்பென்று போகின்றன. துணைப்பாத்திரங்கள் சிலரைப் படம் பாதியில் மறந்துவிடுகிறது. ஆனால் விமர்சகர்கள் பிடித்துத் தொங்கியது அந்தக் குறைகளை அல்லவே.

அந்த ஆண்டுகளில் வந்த இன்னும் இரண்டு சிறுபடங்களைப் பக்கத்தில் வைத்தால் சங்கதி விளங்கும். 2000இல் வந்த ‘பிக் ஈடன்’, தாமஸ் பெசுச்சா எடுத்தது. நியூயார்க் ஓவியன் ஒருவன் தாத்தாவைப் பார்த்துக்கொள்ள மொன்டானா மலையூருக்குத் திரும்புகிறான். ஊர்க் கடைக்காரன் கூச்ச சுபாவி. அவனுக்காக ரகசியமாகச் சமையல் கற்றுக்கொண்டு தினமும் சாப்பாடு அனுப்புகிறான். ஊரே கூடி இருவரையும் சேர்த்துவைக்கப் பார்க்கிறது. வில்லன் இல்லை, வசவு இல்லை, கல்லெறி இல்லை. உடனே விமர்சகர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்: அழகான கற்பனை, ஆனால் இப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது? 1999இல் வந்த ‘ட்ரிக்’, ஜிம் ஃபால் எடுத்தது. நியூயார்க்கில் ஒரே இரவு. சந்தித்த இரண்டு பையன்களுக்குத் தனியே இருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கதை. அதற்கு, ரொம்ப லேசான விஷயம்.

கணக்குப் பாருங்கள். வில்லனைக் காட்டினால் மிகை. வில்லனைக் காட்டாவிட்டால் பொய். இரண்டையும் விட்டுவிட்டு ஓர் அறை தேடினால் கனமில்லை. இந்த மூன்று கதவையும் சாத்திவிட்டு, உள்ளே வருவதற்கு என்ன தடை என்று கேட்பதற்குப் பெயர் விமர்சனம்.

நான்காவது கதவு ஒன்று திறந்துதான் இருக்கிறது. அது இடுகாட்டுப் பக்கம். 1993இல் ‘ஃபிலடெல்ஃபியா’: நாயகன் எய்ட்ஸில் சாகிறான், டாம் ஹாங்ஸுக்கு ஆஸ்கர். 1999இல் ‘பாய்ஸ் டோன்ட் க்ரை’: நெப்ராஸ்காவில் கொலைசெய்யப்பட்ட பிராண்டன் டீனாவின் உண்மைக் கதை, ஹிலரி ஸ்வாங்குக்கு ஆஸ்கர். (அந்தப் படத்துக்கும் அதே குழு முதலில் ‘என்.சி.-17’ கொடுத்தது. கொலைக் காட்சியில் சிக்கல் இல்லையாம். ஒரு பெண் இன்பம் அனுபவிக்கும் காட்சி நீளமாம்.) 2005இல் ‘ப்ரோக்பேக் மவுன்டன்’: ஒருவன் செத்தான், ஒருவன் சட்டையைக் கட்டிப்பிடித்து அழுதான், இயக்குநருக்கு ஆஸ்கர். நல்ல படங்கள்தாம், நானும் அழுதிருக்கிறேன். இவற்றுக்குக் கிடைத்த ‘துணிச்சலான’, ‘உலுக்கியெடுக்கிற’, ‘மனிதநேயமிக்க’ என்ற அடைமொழிகளில் ஒன்றுகூட உயிரோடு இருந்து சிரித்த காதலர்களுக்குக் கிடைக்கவில்லையே, ஏன்? விட்டோ ருஸ்ஸோ ‘தி செல்லுலாய்ட் க்ளாசட்’ என்ற தன் நூலில் ஹாலிவுட் படங்களில் தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் எப்படியெல்லாம் செத்தார்கள் என்று ஒரு மரணப் பட்டியலே போட்டிருக்கிறார். கொலை, தற்கொலை, தூக்கு. சினிமாவில் இவர்களுக்கு ஆயுள் காப்பீடு கொடுக்க எந்தக் கம்பெனியும் துணியாது.

இது சினிமாவோடு பிறந்த நோயும் இல்லை. இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1914லேயே எழுதி முடித்தார். இரண்டு ஆண்கள் காதலித்து, கடைசியில் சேர்ந்து வாழப் போய்விடுகிறார்கள். அந்த நல்ல முடிவுதான் நாவலைப் பிரசுரிக்கத் தடை என்று அவரே பின்குறிப்பில் எழுதிவைத்தார். காதலர்களைத் தொங்கவிட்டிருந்தால் தொல்லை இல்லை என்பது அவர் கிண்டல். நாவல் அச்சானது 1971இல், அவர் செத்த மறு வருஷம். பாத்திரங்கள் சாகவில்லை என்பதற்காக ஆசிரியர் சாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆணும் பெண்ணும் காதலித்தால் நம் விமர்சகர் எவ்வளவு இளகிய மனசுக்காரர் தெரியுமா? அதே 1999இல் ‘நெவர் பீன் கிஸ்ட்’ வந்தது. 25 வயதுப் பத்திரிகையாளர் மாணவி வேடத்தில் பள்ளிக்குள் நுழைகிறார். ஆசிரியர் அவரை நிஜ மாணவி என்றே நம்பிக்கொண்டு மனசைப் பறிகொடுக்கிறார். காவல்துறைக்குப் போன் போடவேண்டிய கதை. ‘மனசை வருடும் படம்’ என்று எழுதினார்கள். இந்தப் படம் எதிர்பாலீர்ப்புச் சமூகத்துக்கு என்ன செய்தி சொல்கிறது, ஆசிரியர் குலத்தை வார்ப்புருவாக்கிவிட்டதே என்று யார் கவலைப்பட்டார்கள்? ‘நாட்டிங் ஹில்’லில் புத்தகக் கடைக்காரனுக்கு ஹாலிவுட் நட்சத்திரம் கிடைக்கிறாள். இப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களா? லண்டனில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாப்கார்னைக் கொறித்தார்கள்.

இப்போது அந்த ‘மிகை’க்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இங்கேதான்.

தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ முகாம்கள் பாபிட்டின் கற்பனை அல்ல. அவருடைய தாயே போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கான மறுவாழ்வு இல்லம் நடத்தியவர். படிப்படியாய் ஆளைத் திருத்தும் அந்தப் பாஷையை மகள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார். ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு 1976 முதல் ஜெபத்தால் ஆளை மாற்றுகிறேன் என்று கடை விரித்திருந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான மைக்கேல் பஸ்ஸி, கூடவே ஊழியம் செய்த கேரி கூப்பரைக் (நடிகர் அல்ல, வேறொருவர்) காதலித்து 1979இல் அவரோடு வெளியேறினார். மருந்துக்கடை முதலாளியே மருந்தைத் துப்பிவிட்டுப் போனபிறகும் கடை 34 வருஷம் ஓடியது. ஜான் பால்க் என்பவர் ‘நான் மாறிவிட்டேன்’ என்று மனைவியோடு 1998இல் ‘நியூஸ்வீக்’ அட்டையில் சிரித்தார். எக்ஸோடஸின் தலைவர் பதவியிலும் அமர்ந்தார். பாபிட்டின் படம் வெளியாகி இரண்டே மாதத்தில், 2000 செப்டம்பரில், வாஷிங்டனில் ஆண் காதலர்கள் கூடும் மதுக்கூடத்தில் அவரைப் படம்பிடித்துவிட்டார்கள். கழிப்பறையைத் தேடி உள்ளே போனேன் என்றார். ரூபால் தோட்டக்காரப் பையனைப் பார்த்துக் கிறங்கிய காட்சியை மிகை என்று எழுதிய பேனாக்கள் அன்று எந்தக் கழிப்பறையைத் தேடிப் போயிருந்தன?

அம்மா கால்சட்டை போட்டதுதான் வேர் என்பது அபத்தமாக இருக்கிறதா? நியூ ஜெர்சியில் ‘ஜோனா’ என்ற அமைப்பு, இளைஞர்களை ஆடை களையச் சொல்லியும், தாயாக ஒரு பொருளைப் பாவித்து டென்னிஸ் மட்டையால் அடிக்கச் சொல்லியும் ‘சிகிச்சை’ கொடுத்தது. 2015இல் நடுவர் குழு இது நுகர்வோர் மோசடி என்று தீர்ப்பளித்தது. 2010இல் ஜார்ஜ் ரேக்கர்ஸ் என்ற உளவியல் பேராசிரியர், வாழ்நாளெல்லாம் தன்பாலீர்ப்பை எதிர்த்துப் பேசியவர், ஆண் துணைகளை அமர்த்தித் தரும் இணையதளத்தில் ஓர் இளைஞனைப் பிடித்து ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போய்வந்தார். பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டதாம். இந்த வசனத்தைப் பாபிட் திரைக்கதையில் எழுதியிருந்தால் தயாரிப்பாளரே அடித்துவிட்டிருப்பார், யார் நம்புவார்கள் என்று. 2013இல் எக்ஸோடஸ் கடையைச் சாத்தியது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் மன்னிப்புக் கேட்டார். தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேர் மாறவே இல்லை என்று அதற்கு முந்தைய ஆண்டே ஒத்துக்கொண்டிருந்தார். இடையில் எத்தனை பிள்ளைகள் பெற்ற அம்மாவை வெறுக்கக் கற்றுக்கொண்டார்கள், எத்தனை பேர் கயிற்றைத் தேடினார்கள்? அவர்கள் கதையைத் துயரப் படமாக எடுத்துக் கொடுத்தால் விமர்சகர் கைக்குட்டையை எடுப்பார். முகாமில் அடைபட்டவர்கள் அடைத்தவனைப் பார்த்துச் சிரித்தால்தான் அவருக்கு ரசனை உறுத்துகிறது.

ஆகவே பொதுநலன் கருதி ஒரு யோசனை. விமர்சகர்களுக்கு ஒரு முகாம் திறக்கலாம். இடம் ஏதாவது மலைவாசத்தலம். நிறம் அவர்களுக்குப் பிடித்த சாம்பல். ட்ரூ டைரக்‌ஷன்ஸ் வகுத்த வழியிலேயே ஐந்து படி. முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ‘நான் விமர்சகன், இரண்டு பெண்கள் சந்தோஷமாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை’ என்று உரக்க ஒப்புக்கொள்ளவேண்டும். அழுதால் முதுகில் தட்டிக்கொடுக்க ஆள் உண்டு. பிறகு வேரைத் தேடவேண்டும்: சின்ன வயசில் யார் உங்களைத் திரைப்படக் கழகத்துக்குக் கூட்டிப்போனது? முதலில் பார்த்த படத்தில் கடைசியில் மழை பெய்ததா? மூன்றாவது படி கைத்தொழில். ஆண் பெண் காதல் நகைச்சுவைப் படங்களை வரிசையாகப் போட்டுக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘இது எதிர்பாலீர்ப்பாளரின் வலியைப் போதிய ஆழத்தோடு பேசுகிறதா’ என்று கட்டுரை எழுதச் சொல்லவேண்டும். நான்காவது படி குடும்ப சிகிச்சை. ஆசிரியர் குழுவையும் வரவழைத்து, இவர் இப்படி ஆனதற்கு நீங்கள் கொடுத்த தலைப்புகளும் காரணம் என்று எடுத்துச்சொல்லவேண்டும். கடைசித் தேர்வு சுலபம். கதாபாத்திரம் உயிரோடு மிஞ்சிய ஒரு படத்துக்கு 300 வார்த்தையில் விமர்சனம். ‘இருந்தாலும்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல். தேறாதவர்களை மறுபடி முதல் வட்டத்தில் உட்காரவைக்கலாம். 99.9 சதவீதம் பேர் மாறமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 37 வருஷம் முயற்சி செய்து பார்க்க அவர்களுக்கு உரிமை இருந்ததென்றால் நமக்கும் இருக்கிறது.

இதற்குள் காலம் விமர்சகர்களின் காலை வாரிவிட்டது. பாபிட்டின் படம் சாகவில்லை. பிள்ளைகள் வீடியோவில் பார்த்தார்கள், தோழிக்குக் கைமாற்றினார்கள். மேடை இசைநாடகமாகவும் ஆனது. 2020இல் இயக்குநரின் பதிப்பு தனியாக வந்தது. கிரஹாமாக நடித்த க்ளியா டுவால், அதே ஆண்டு ‘ஹாப்பியஸ்ட் சீசன்’ என்று தானே இரண்டு பெண்களின் கிறிஸ்துமஸ் காதல் நகைச்சுவையை இயக்கினார். இன்று ‘சியர்லீடர்’ பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: காலத்தை முந்திய படம். என்ன சாமர்த்தியம்! தாங்கள் பிந்தி வந்ததைப் படம் முந்தி வந்ததாக எழுதிக் கணக்கை நேர்செய்துவிட்டார்கள். 1999இல் முகாம்கள் நடந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். படம் நாள் தவறாமல் வந்து நின்றது.

நம்மூருக்கும் இதில் பங்கு உண்டு. 2021இல் மதுரையிலிருந்து குடும்பத்துக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதுபற்றிப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உத்தரவு எழுதினார். படத்தில் பெண்ணைத் திருத்த முகாமுக்கு அனுப்பினார்கள். இங்கே நீதிபதி தன் அறியாமைக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ‘மாற்றும் சிகிச்சை’ கூடாது என்று 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவர் தொழில் ஒழுங்கீனம் என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், பெண் தன்பாலீர்ப்பை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மறுபடி சேர்த்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு வருஷத்தில் ஒழுங்கீனம் என்றவர்களே குற்றம் என்று எழுதி, அழித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். இதைப் படமாக எடுத்தால் மிகை என்பார்கள்.

அதனால் வாசகரே, உங்களிடம் இரண்டு விண்ணப்பம். பிள்ளையைக் கூட்டிவாருங்கள், மாற்றிவிடலாம் என்று எந்த மருத்துவராவது சொன்னால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள். அவர் செய்வது ஒழுங்கீனம், ஆணையத்தின் கடிதம் இருக்கிறது. இரண்டு பையன்களோ இரண்டு பெண்களோ காதலித்து, சொதப்பி, சிரித்து, பிழைத்துக்கொள்கிற சின்னப் படம் ஒன்று எங்காவது ஓடினால் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். பிடிக்காவிட்டால், நகைச்சுவை எடுபடவில்லை, பாட்டு மோசம், இடைவேளைக்குப் பிறகு தூக்கம் வந்தது என்று தாராளமாகத் திட்டுங்கள். மற்றக் காதல் படங்களைத் திட்டுவதுபோலவே. ஒருத்தரும் சாகவில்லையே என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.